உப்பில் மிதந்து வந்தவை

அலோர் காஜா,
14.8.1952

அன்புள்ள சந்திராதேவிக்கு,

ஊர் அடங்கிய நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. விடிந்ததும் லோரிக்கார வீரமுத்து மலாக்காவுக்குக் கிளம்புகிறார். உன் ஆஸ்பத்திரிக்கு இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் புட்டியும் கொண்டுவருவார். இதைப் படித்த பிறகு அதைத் திற.

இங்கே எல்லோரும் சுகம். மூன்று மாதமாக வெளிறிப்போய் மண்ணைத் தின்றுகொண்டிருந்த என் மகள் குமுதினி, இன்று அழுது கேட்டு இரண்டு தோசை தின்றாள்.

ஜூனில் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் ரங்கசாமி அண்ணன் அவள் மலத்தைத் தண்ணீரில் கரைத்து, ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, "ஒண்ணும் இல்லலா, பயப்படாதம்மா" என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. கல்லூரியில் நாம் செய்தது நினைவிருக்கிறதா? இனிக் கரையாது என்னும்வரை உப்புப் போட்ட தண்ணீரில் கலக்கி வைத்தால் முட்டைகள் மேலே மிதந்து வரும். நீதான் மூக்கைப் பொத்திக்கொண்டே முதலில் கண்டுபிடிப்பாய்.

இங்கே உப்புக்கு எங்கே போவது? காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று அளந்துதான் தருகிறார்கள். பத்து நாள் குழம்பில் பாதி உப்புதான் போட்டேன். இவர், "உங்க காலேஜ்ல சமையல் மட்டும் சொல்லித் தரலையா?" என்றார். சேர்த்ததை டிஸ்பென்சரிக்கு எடுத்துப்போனால் கேட்டில் காவல்காரர் பிடித்துக்கொண்டார். யாருக்கு இவ்வளவு உப்பு என்று கேட்டார். புழு முட்டை பார்க்க என்றேன். யார் நம்புவார்? அண்ணன் ஓடிவந்து சொன்ன பிறகுதான் விட்டார்.

மிதந்தன, சந்திரா! கண்ணாடிபோல் மெல்லிய ஓட்டோடு கொக்கிப் புழு முட்டைகள். அண்ணன் அன்றே மருந்து கொடுத்தார். அவள் தேறியது அதன் பிறகுதான்.

புழு போய்விட்டதா என்று நேற்று மீதி உப்பில் மறுபடி பார்த்தோம். கலக்கி வைத்த கையோடு போலீஸ் சோதனைக்கு மணி அடித்துவிட்டார்கள். எல்லோரையும் திடலில் நிறுத்தித் தலை எண்ணி அனுப்புவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. அண்ணன் 'முட்டை இல்லை' என்று எழுதிவிட்டார். அவ்வளவு நேரம் உப்பில் கிடந்தால் முட்டை சுருங்கி அடியில் போய்விடாதா? திரும்பச் செய்ய உப்பும் இல்லை.

அதனால் இன்று காலை எடுத்த மலத்தை, கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டு, அந்தப் புட்டியில் அனுப்புகிறேன். உங்கள் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து அடியில் தங்குவதைப் பார். இருந்தால் மறைக்காமல் சொல்.

உன் பதில் வரும்வரை எங்கள் வீட்டுக் குழம்பில் பாதி உப்புதான். சீக்கிரம் எழுது.

உன்,
கோமளா