ஆப்பத்துக்கு வாங்கிய சோடா

ஆவணி, வியாழக்கிழமை

இன்று பட்டு வேகவைக்கிற அண்டாவில் நுரை பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. கச்சாப் பட்டின் பசை போக, வழக்கம்போல் சோப்பும் சலவை சோடாவும்தான் போட்டேன். போட்டதாக நினைத்தேன். காலிப் பொட்டலத்தில் ஒட்டியிருந்ததை என் மனைவி மல்லிகா தொட்டுப் பார்த்தாள்.

"மாவாட்டம் நைசா இருக்குது. ஏங்க, இது ஆப்ப சோடா!"

மளிகைக் கடையில் இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாங்களும் இரண்டையுமே சோடா என்றுதான் சொல்கிறோம்.

யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போகவேண்டிய முகூர்த்தப் பட்டு. கெட்டுப்போயிருக்குமோ என்று கழியால் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். கல்லூரியில் வேதியியல் படிக்கும் மகள் மட்டும் சிரித்தாள்.

"பயப்படாதப்பா. கொதிக்கிற தண்ணியில அது வாயுவை விட்டுட்டு சலவை சோடாவா மாறிக்கினு இருக்குது. அதான் பொங்குது."

அடுப்பை மறுபடி பற்றவைத்தேன். அலசிப் பிழிந்தபோது பசை முழுக்கப் போயிருந்தது. பட்டு விரலில் வழுக்கியது, வெயிலில் மின்னியது.

நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் உறைத்தது. அப்படியென்றால் சலவை சோடா எங்கே? சமையலறையில், நாளைய ஆப்ப மாவுக்குப் பக்கத்தில்!

மல்லிகாவை எழுப்பினேன். "மாவுல சோடா போட்டுட்டியா?"

"காலையிலதான் போடுவேன். நீங்க மிச்சம் வெச்சாதானே போடறதுக்கு?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சலவை சோடாவைப் பட்டறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். ஆப்பத்தைப் பட்டு சாப்பிட்டுவிட்டது. காலையில் எங்களுக்குத் தோசைதான்.