ஏழு வருஷத்துக் கம்பி

ஏற்காடு
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள கீர்த்தி அப்பாவுக்கு,

ஆன்மேரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். மஸ்கட் வெயில் உங்களைப் படுத்தாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் நீங்கள் நிற்பதில்லை. வெள்ளக்கடை சந்தோஷ் அங்கே வேலைக்கு வருகிறான் என்றதும், அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். பத்து மணிக்கு அவனுக்குப் பஸ். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை விடவில்லை. கீர்த்தி கணக்கில் தேறிவிட்டாள்.

போன வாரம் பேஸ் கிட்டாரை நம் கோயில் பையன் பிரவீனுக்குக் கொடுத்துவிடு, இனி எனக்கு எதற்கு என்றீர்களே, அன்றிலிருந்து எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. கோயில் பாடகர் குழுவில் அத்தனை வருஷம் வாசித்த மனுஷன் அதையே வேண்டாம் என்றால், திரும்பி வரும் எண்ணமே இல்லையோ என்று மனசு கண்டதையும் நினைக்கிறது.

கேட்டால் கோபம் வரும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கொடுப்பதைக் குறையில்லாமல் கொடுப்போம் என்ற வீம்பில், கிட்டாரைப் பஸ்ஸில் மடியில் வைத்துச் சேலம் கொண்டுபோய், கறுத்துப்போன நாலு கம்பிகளையும் மாற்றிவிட்டேன். பழையதில் தடித்த கம்பியை வெட்டிச் சவ்சவ் பந்தலுக்குக் கட்டினேன்.

பிரவீன் வந்து வாசித்தான். ஈயப் பாத்திரம் உருளுகிற மாதிரி ஒரே கிணுகிணுப்பு. அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏனுங்கக்கா, அண்ணன் ஏழு வருசமா மாத்தாத கம்பிங்க அது. பழசானாத்தான் அந்தச் சத்தம் வருமுங்க."

எனக்குத் திக்கென்றது. பழைய சத்தம் எப்படி இருக்கும் என்று சொன்னால் கிட்டாரில் இருக்கிற குமிழைத் திருகிப் பார்க்கிறேன் என்றான். எப்படிச் சொல்ல? கனமாக என்றேன். திருகினான், மொத்தென்று ஆயிற்று. ஈரமண்ணில் பலாப்பழம் விழுகிற மாதிரி என்றேன். கிட்டத்தில் வந்தது, ஆனால் உருண்டு வரவில்லை. பதமாகக் கிண்டிய ராகிக்களி, கையில் ஒட்டாமல் உருளுமே, அப்படி என்றேன். சிரித்துவிட்டான். உங்கள் பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினால், பாவிப் போன் மற்றதெல்லாம் பாடிவிட்டு உங்கள் சத்தத்தை மட்டும் விழுங்கிவிடுகிறது.

கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அவரு வாசிக்கறப்ப எனக்கு ஒண்ணுமே கேக்காது பிரவீன். நிறுத்துனாத்தான் காலுக்கடில தரை இல்லாத மாதிரி இருக்கும்."

அதுக்குக் குமிழ் இல்லீங்கக்கா என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மழையிலேயே பந்தலில் ஏறி அந்தக் கம்பியை அவிழ்த்து வந்தேன். எடுத்துவைத்திருந்த மற்ற மூன்று பழைய கம்பிகளையும் பிரவீன் திரும்ப மாட்டிவிட்டான். வெட்டினது மட்டும் எட்டவில்லை. அங்கே புதுசுதான் இருக்கிறது, தனியாகக் கத்திக்கொண்டு.

புறப்படுகிற அன்று, அந்த டும்டும் சோறு போடாது என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். தப்பு என்னுடையது. எட்டு மாதமாகச் சொல்ல வாய் வரவில்லை.

கிட்டாரைக் கொடுக்க மாட்டேன். பிரவீனும் வேண்டாம் என்றுவிட்டான். புதுக் கம்பி பழைய சத்தத்துக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று அவனைக் கேட்டேன். அண்ணன் தினமும் வாசித்தால் நாலைந்து வருஷம் என்றான்.

ஆகட்டும். அத்தனை வருஷமும் அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். வந்துவிடுங்கள்.

உங்கள்
ஆன்மேரி