பாதி ஷட்டர்

இன்று காலை ஒரு ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்து, குழாய் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே ரோஸ் நிற நோட்டீஸ்களை வீசிவிட்டுப் போனது. ஒன்று வாசல் தெளித்த ஈரத்தில் விழுந்து ஒட்டிக்கொண்டது. உரித்தெடுத்துப் படித்தேன். ரத வீதிக் கலை மாலை. மெல்லிசைக் கச்சேரி, குலுக்கல் பரிசு. கீழே கொட்டை எழுத்தில் 'நிறுவனர்' என்று போட்டு ஜவுளிக்கடை அண்ணாச்சியின் பெயர். சாயம் என் விரல்களில் ஏறிவிட்டது. கல்லூரியில் கரும்பலகையின் முன்னால் நின்றபோதும் போகவில்லை. நீர் போய் இரண்டாவது வருடம் இது. உம்மைப் பற்றி இந்த ஊர் இனி ஒரு வரியும் எழுதப் போவதில்லை என்பது அந்த நோட்டீஸில் எனக்கு உறுதியாயிற்று. ஆகையால் நான் எழுதுகிறேன்.

டவுணில் கீழ ரத வீதியில், ஒரு பாத்திரக் கடையைப் பலகை வைத்துத் தடுத்துவிட்ட உள்வாடகை இடம் உம்முடையது. சாமி படங்களுக்கும் செத்தவர்களின் படங்களுக்கும் கண்ணாடிச் சட்டம் போடும் கடை. என் அப்பா இறந்த வாரத்தில் நான் அவர் படத்தைக் கொண்டுவந்தேன். வாங்கிப்போக வந்தபோது நீர் சட்டத்தைத் துடைத்தபடி கேட்டீர்.

"சார், உங்க அப்பா கோவக்காரரோ? கண்ணாடிய ரெண்டு தரம் ஒடச்சிட்டாரு."

"ஆமா."

"புள்ளையும் அப்படித்தான் போல. மொகத்தப் பாத்தாலே தெரியுது."

அன்றைக்கு நான் சிரித்தேன். அப்பாவுக்குப் பிறகு என்னைச் சிரிக்க வைத்த முதல் ஆள் நீர்தான். கொஞ்ச நாளில் 'சார்' போய் 'வே' வந்தது. கல்லூரி முடிந்ததும் உம் கடை முக்காலியில் உட்காருவது எனக்கு வழக்கமானது.

வார விடுமுறையன்று அந்தத் தெருவைப் பார்க்கச் சகிக்காது. எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். டவுண் பஸ்கூட அந்தப் பக்கம் நிற்பதற்கு யோசிக்கும். உமக்கு அந்த மூடிய ஷட்டர்கள் வேறு மாதிரித் தெரிந்தன. "இம்புட்டு பெரிய சொவரு சும்மா கெடக்குவே," என்றீர். தடித்த கம்பியை வளைத்துக் கொக்கிகள் செய்து, கடைகளின் பெயர்ப் பலகைச் சட்டத்தில் மாட்டி, அதிலிருந்து படங்களைத் தொங்கவிட்டீர். உமக்குத் தெரிந்த ஓவிய ஆசிரியர் வரைந்த ஆற்றுப் படித்துறைகள். உம் கடையில் ஆள் வாங்க வராமல் கிடந்த பழைய புகைப்படங்கள். எதிர் மாடியில் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர், 'ட' என்ற ஒரே எழுத்தைத் தட்டித் தட்டி உருவாக்கிய கோயில் கோபுரம். ஒல்லியான, யாரிடமும் பேசாத அந்த மனிதருக்குள் இப்படி ஒரு கிறுக்கு இருப்பதை நீர்தான் கண்டுபிடித்தீர். அவர் அன்று முழுவதும் அந்தக் கோபுரத்தின் பக்கத்திலேயே நின்றார், யாரோ திருடிப்போவார்கள் என்பதுபோல.

அடுத்தடுத்த வாரங்களில் தெரு தானாக நிறைந்தது. பனங்கிழங்கு அவித்து விற்கிற பெண்கள் வந்தார்கள். பத்தமடையிலிருந்து பாய் வந்தது. கொற்கையிலிருந்து ஒருவர், உழும்போது கிடைத்த பானை ஓடுகளை ஈயத் தட்டில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஒருத்தி அதைக் குனிந்து பார்த்து, "முழுப் பானை இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நீர் சிரித்துச் சிரித்து இருமினீர். விளக்கு வைத்தபின் வில்லுப்பாட்டு நடந்தது. மேடை கிடையாது. பாத்திரக் கடையின் படிகள்தான். இதற்கெல்லாம் 'கலை மாலை' என்று பெயர் வைத்ததும் நீர்தான்.

மூன்றாவது வாரமோ என்னவோ, ஜவுளிக்கடை அண்ணாச்சி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய விதத்திலேயே சண்டை இருந்தது.

"ஏம்வே, என் ஷட்டர் என்ன உம்ம வீட்டுச் சொவரா? யாரக் கேட்டு மாட்டுனீரு?"

"கோவப்படாதீக அண்ணாச்சி. மூடுன கடைப் போர்ட எவன் படிக்கான்? இப்பப் பாருங்க, படம் பாக்க வாரவன் பூரா நிமிந்து உங்க பேரத்தான் படிக்கான்."

அண்ணாச்சி நிமிர்ந்து தன் பெயரைத் தானே படித்தார். மறுவாரம் அந்தப் போர்டுக்கு மேல் புதிய டியூப் லைட்டுகள் எரிந்தன. வென்றுவிட்டதாக நீர் நினைத்தீர். நான் அப்படி நினைக்கவில்லை.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. அண்ணாச்சி வியாபாரிகள் சங்கத்தின் தலைவரானார். சங்கம் கலை மாலையைத் 'தரம் உயர்த்த'த் தீர்மானித்தது. ஷட்டரில் படம் மாட்ட உறுப்பினர் அனுமதி வேண்டும் என்றார்கள். ஒரு குளிர்பானக் கம்பெனியின் வண்டி வந்து நின்றது. தெரு நடுவே மேடை எழும்பியது. பனங்கிழங்குப் பெண்களைச் சந்துக்குள் தள்ளினார்கள். தட்டச்சுக் கோபுரம் எதற்கு என்று கேட்டார்கள், பானை ஓட்டுக்காரர் வருவதை நிறுத்தினார். நீர் உறுப்பினராகச் சேர எழுதிக் கொடுத்தபோது, உள்வாடகைக்காரருக்கு விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அதே தெருவில் உள்வாடகையில் இருந்த வேறு இருவர் உறுப்பினர்களாக இருந்தார்கள். நீர் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லைனில் பிறந்தவர், உம் ஆட்கள் யார் என்று அவர்கள் விசாரித்து வைத்திருந்தார்கள். இதை நான் சொன்னபோது, "எல்லாத்துலயும் அதையே பாக்காதேயும்வே" என்றீர். நான் பார்க்கவில்லை என்றால் அது இல்லாமல் போய்விடுமா?

அதைவிட எனக்கு ஆறாதது ஒன்று. ஆண்டு விழாவுக்கு அண்ணாச்சியின் பெரிய படம் ஒன்று வேண்டியிருந்தது. அதற்குச் சட்டம் போடும் வேலை உம்மிடம் வந்தது. நீர் போட்டுக் கொடுத்தீர். தேக்கில், பூ வேலையோடு. மேடையில் உமக்கு ஒரு நாற்காலி இல்லை.

"எதுக்குவே செஞ்சு குடுத்தீரு? உமக்கு வெக்கமே கெடையாதா?"

"பிரேம் போடுதது என் தொழிலு. உள்ள இருக்க மூஞ்சிக்கும் எனக்கும் என்னவே?"

உம்மைத் திட்டிவிட்டு எழுந்து போனேன். ஒரு மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது நீர் முக்காலியை என் பக்கம் தள்ளி வைத்தீர். உம் மேலும் எனக்குக் கோபம் உண்டு என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இறந்ததனால் மட்டும் ஒருவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடாது.

நான் திரும்பி வந்த அன்றைக்குத்தான் நகைக்கடைப் பெரியவரின் உடல் தெருவழியே போனது. தெருக்காரர் ஒருவர் போகும்போது வழி நெடுகக் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். உடல் கடந்தபின் தூக்கிவிடுவார்கள். அவ்வளவுதான் மரியாதை. அதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. தெருக்காரர் அல்லாதவர் போனால் வியாபாரம் நடந்துகொண்டே இருக்கும். நீரும் உம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றீர்.

"சங்கத்துல சேக்காட்டி என்னவே. நாளைக்கு எனக்கும் இப்படித்தான் எறக்குவாங்க. அண்ணாச்சியும் எறக்குவாரு. நீரு வேணும்னா இருந்து பாரும்."

அதைச் சொல்லும்போது உம் முகத்தில் வருத்தமே இல்லை. பாக்கி எல்லாவற்றையும் அந்த ஒன்றுக்காகத்தான் நீர் விட்டுக்கொடுத்தீர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேடையும் நாற்காலியும் உமக்குப் பெரிதாக இல்லை. தெரு உம்மைத் தன் ஆள் என்று எண்ண வேண்டும், அது போதும்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று படுத்தீர், எழவில்லை. நீர் போன நாள் வார விடுமுறை. உம்மை ஆற்றங்கரைக்கு எடுத்துச் சென்றோம். ரத வீதி முழுவதும் மூடிக் கிடந்தது. ஒவ்வொரு ஷட்டரும் தரைவரைக்கும் இறங்கியிருந்தது, உமக்காக ஒன்றுகூட இல்லை. எவனும் கையை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. எவனும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. நடுத் தெருவில் அன்றைய கச்சேரிக்கு மேடை போட்டிருந்தார்கள், பாடையைத் தூக்கியவர்கள் பக்கவாட்டில் ஒடுங்கி நடந்தார்கள். அண்ணாச்சி எதிரே வந்து என் தோளைத் தொட்டார்.

"லீவு நாளாப் போச்சு சார். இல்லன்னா தெருவே எறக்கியிருக்கும்லா."

நான் தோளை விலக்கிக்கொண்டேன். அன்று மாலை மைக்கில் ஒரு நிமிடம் மௌனம் கேட்டார்கள். 'பிரேம் கடைக்காரர்' என்றார்கள், பெயர் தெரியவில்லை. பிறகு பாட்டு ஆரம்பித்தது.

அண்ணாச்சி சொன்னது உண்மையாக இருக்கலாமோ என்ற எண்ணம் என்னைப் பல மாதங்கள் அரித்தது. நான் வெறுப்பதற்கும் ஒரு நியாயம் வேண்டுமல்லவா. அந்த நியாயம் சென்ற மாதம் கிடைத்தது. தட்டச்சுப் பள்ளிக்காரர் இறந்துபோனார். அவரும் உள்வாடகைக்காரர், அவரும் உறுப்பினர் அல்லர், உம்மைவிட அதிக வருடம் அந்தத் தெருவில் இருந்தவர். வேலை நாள், நடுப்பகல். உம் கடை வாசலில் நின்று பார்த்தேன். பறைச் சத்தம் நெருங்கியது. ஜவுளிக்கடையில் வாசலோரம் இருந்த சிப்பந்தியின் கை ஷட்டர்க் கொக்கியை நோக்கி உயர்ந்தது. அவன் உள்ளே திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி துணியைக் கிழித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. கை இறங்கிவிட்டது. பாத்திரக் கடை, வளையல் கடை, கேசட் கடை என்று பாடை கடந்துபோகப் போக எல்லாக் கடையிலும் பேரம் நடந்துகொண்டிருந்தது.

உம் மனைவி கடையை விடாமல் நடத்துகிறாள். கண்ணாடி அறுக்கவும் படித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு வெளியே வந்தவள், கொக்கியைப் போட்டு ஷட்டரை ஒரே இழுப்பில் தரைவரைக்கும் இறக்கினாள்.

"பாதி போதும்மா. அதுதான் இங்க வழக்கம்," என்றேன்.

"பாதி என்னத்துக்குண்ணே?" என்றாள். "போறவுக முழுசாத்தான போறாக?"

பாடை வளைவில் திரும்பும்வரை இருவரும் நின்றோம். பிறகு ஷட்டர் சிக்கிக்கொண்டது. அவளால் தூக்க முடியவில்லை, நானும் குனிந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன்.

வேலை நாளில் போயிருந்தால் நீர் எதைப் பெற்றிருப்பீர் என்று எனக்கு இப்போது தெரியும். உம் பாடைக்கு முன்னால் எந்தக் கையும் அப்படி இறங்காமல் போனதற்காக அந்த விடுமுறை நாளை மட்டும் நான் வெறுப்பதில்லை. தெரு உமக்காக ஷட்டரை இறக்கும் என்று நம்பியபடியே நீர் போய்விட்டீர். அது பொய் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். உம் மனைவியிடமும் நான் அதைச் சொல்லவில்லை.