கைக்கடிகாரம் வேண்டாம்

செங்கல்பட்டு
3-10-56
(கார்டு)

சௌ. சுந்தரவல்லிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நாங்கள் சௌக்கியம். உன் மாமனார், மாமியாருக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளை உப்பிலிக்கு ஆசீர்வாதம்.

வருமான வரிக்காரர்கள் ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டார்கள்! என் இன்ஷ்யூரன்ஸ் பிரீமியத்தைக் கழிக்காமலே கம்பெனியில் வரி பிடித்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா? விடுவேனா? மனுமேல் மனு போட்டேன். அதிகம் பிடித்த இருநூற்றுப் பத்து ரூபாயும் ரீஃபண்டாக வந்துவிட்டது. என்ன செய்வது என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு ஸ்விஸ் ரிஸ்ட் வாட்ச். மிச்சத்தில் உனக்குப் பட்டுப்புடவை. கார்டில் இடம் இல்லை.

அப்பா
பட்டாபிராமன்

மகாபலிபுரம்
6-10-56
(கவர்)

அன்புள்ள அப்பாவுக்கு சுந்தராவின் அநேக நமஸ்காரம்.

உங்களுக்குக் கவர் வாங்கக் காசு இல்லையா அப்பா? இந்த ஊரில் கவர் வந்தால் மாமனார் பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிடுவார். கார்டு வந்தால் அது ஊர்ச்சொத்து. தபால்காரர் முனிசாமி கோயில் வாசலிலேயே படிக்க ஆரம்பித்து, எங்கள் வாசலுக்கு வருவதற்குள் மனப்பாடம் செய்துவிட்டார். "இன்னாம்மா, உங்க நைனா கவர்மெண்டையே ஜெயிச்சிட்டாராமே! ஐயாவுக்குக் கடியாரம் வருதாமே!" என்று அவர் போட்ட சத்தம் கடற்கரைவரை கேட்டிருக்கும்.

அன்று முதல் வீட்டில் வாட்ச் பேச்சுதான். தங்க முலாம் போட்ட சங்கிலி வைத்ததுதான் கைக்கு எடுப்பு என்று மாமியார். கருப்புத் தோல்வார்தான் வாத்தியாருக்கு மதிப்பு என்று மாமனார். இவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் காலையில் திருக்கழுக்குன்றம் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறப் போகும்போது இரண்டு தரம் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

அது இருக்கட்டும். நீங்கள் எந்தக் கார்டு எழுதினாலும் ஓரத்தில் அம்மா பொடி எழுத்தில் இரண்டு வரி கிறுக்குவாளே, அது எங்கே? ஆவணியில் போட்ட கார்டிலும் இல்லை, இப்போதும் இல்லை. பஸ் ஏறினால் வந்துவிடலாம், கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாளா? நீங்கள் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயில் உப்பு இரண்டு மடங்கு. கேளம்பாக்கம் உப்பளத்திலிருந்து நேரே வந்ததா என்று மாமியார் கேட்டார். நான் சிரித்துவிட்டேன், ஆனால் சாதம் இறங்கவில்லை. அம்மா கைக்கு உப்பு தப்பவே தப்பாது, அப்பா.

எனக்கு உள்ளபடி எழுதுங்கள். அதுவரை ரீஃபண்டில் ஒரு தம்பிடி தொடக்கூடாது.

உங்கள்
சுந்தரா

செங்கல்பட்டு
9-10-56
(கவர்)

என் கண்ணான சுந்தராவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

உன்னிடம் மறைக்க நான் யார்? அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ஏறக்குறைய போய்விட்டது. எழும்பூர் ஆஸ்பத்திரி டாக்டர், தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார். வார்டு, சாப்பாடு, கூட இருக்க ஒரு ஆள், அப்புறம் கண்ணாடி என்று கூட்டிப் பார்த்தேன். ரீஃபண்டுப் பணத்தில் அடங்கிவிடும், மிஞ்சினால் ஏதோ சொச்சம்தான்.

ஆனால் உன் அம்மா கேட்டால்தானே! "தலை தீபாவளிக்கு வெறுங்கையோடு மாப்பிள்ளையை அனுப்பினால் என் பெண் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பாள்? கண் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறாள். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கினாள். கார்டும் போட்டுத் தொலைத்துவிட்டேன். இனி வாட்ச் இல்லை என்றால் ஊரே உன்னைத்தான் கேட்கும்.

நீ கவலைப்படாதே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் இருக்கிறேன். நேற்று ரசத்துக்குப் புளி என்று நினைத்து வெல்லத்தைக் கரைத்தாள். நான் நன்றாக இருக்கிறது என்று குடித்துவிட்டேன்.

அப்பா

மகாபலிபுரம்
12-10-56
(கார்டு)

அன்புள்ள அப்பாவுக்கு சுந்தரா நமஸ்காரம்.

இவர் உங்களுக்கு எழுதச் சொன்னது: ரீஃபண்டுப் பணத்தில் தனக்கு வாட்ச் வாங்கவே கூடாதாம். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறார்கள், அது போதுமாம். அந்தப் பணம் முழுவதும் அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத்தானாம். "மாமியாரின் கண்ணைவிட எனக்குக் கடிகாரம் பெரிதா?" என்று கோபித்துக்கொண்டார். என் மாமியாரும் பெரிய மனதோடு, தீபாவளிப் பட்சணம் எல்லாம் இங்கேயே செய்து கொண்டுவருகிறோம், சம்பந்தியம்மாள் அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்கிறார். இப்படிப்பட்ட இடத்தில் என்னைக் கொடுத்தீர்களே, நான் கொடுத்துவைத்தவள்.

சுந்தரா

மகாபலிபுரம்
14-10-56
(கவர்)

அப்பாவுக்கு நமஸ்காரம்.

கார்டு வந்திருக்கும். அதில் உள்ளது ஒன்றுகூட யாரும் சொன்னதில்லை. எல்லாம் நானே எழுதியது. பெட்டியில் போடாமல் முனிசாமியைக் கூப்பிட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் எங்கள் வாசலைத் தாண்டவில்லை, படிக்க ஆரம்பித்துவிட்டார்.

சாயந்திரம் இவர் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கோயில் வாசலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து, "மாப்பிள்ளை என்றால் நீங்கள்தான் சார்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம். பக்கத்துவீட்டு மாமிகள் வந்து, பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறீர்கள் என்று என் மாமியாரைக் கொண்டாடிவிட்டுப் போனார்கள். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார் அப்பா, அம்மி நகர்ந்திருக்கும்.  

"நான் சொல்லாததைச் சொன்னதாக ஏன் எழுதினாய்?" என்று இவர் கேட்டார். "சொல்லியிருப்பீர்கள். சொல்ல உங்களுக்கு நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்" என்றேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "அந்தக் கோபித்துக்கொண்ட இடம் நன்றாக இருக்கிறது. நான் அவ்வளவு நன்றாகப் பேசுவேனா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! இருவரும் சிரித்தோம். மாமியார் உள்ளேயிருந்து, "சிரித்தது போதும், தீபாவளிக்கு எத்தனை படி மாவு என்று கணக்குப் போடு" என்றார்.

தீபாவளி ஆனதும் ஆஸ்பத்திரிக்குத் தாமே கூட்டிப்போவதாக இவர் சொல்கிறார். இதை நிஜமாகவே அவர்தான் சொன்னார். அம்மாவிடம் சொல்லுங்கள், அவள் பெண் தலை நிமிர்ந்துதான் நிற்கிறாள்.

சுந்தரா

செங்கல்பட்டு
18-1-57
(கார்டு)

சௌ. சுந்தரவல்லிக்கு ஆசீர்வாதம்.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன வலது கண்ணுக்கு நேற்று கண்ணாடி வந்துவிட்டது. ரீஃபண்டில் மிஞ்சியதைப் போட்டு மாப்பிள்ளைக்கு ஒரு டைம்பீஸ் வாங்கியிருக்கிறேன். கையில் கட்ட முடியாது. ஆனால் மணி அடித்தால் உங்கள் தெருவே எழுந்து உட்காரும். மேலே எழுத விடாமல் ஒருத்தி பேனாவைப் பிடுங்குகிறாள்.

சுந்தரா, அம்மா எழுதுகிறேன். முனிசாமி, நீயும் படி, சௌக்கியமா இருக்கிறாயா? நார்த்தங்காய் புதிதாகப் போட்டிருக்கிறேன், உப்பு ஒரே தரம்தான். நீ எழுதிய அந்தக் கார்டை உன் அப்பா ஓயாமல் எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு நானே எடுத்துப் படித்தேன். என் கண்ணைப் பற்றி எழுதிய இடத்தில் மசி கலைந்திருக்கிறது. அதை அவர் எனக்குச் சொல்லவே இல்லை. அழுதுகொண்டேவா எழுதினாய், பைத்தியமே? எனக்கு நன்றாகத் தெரிகிறதடி.

அம்மா