ஐயாவின் கோழித் தூக்கம்

உங்கள் ஆவி நம் வீட்டுக் கணினிக்குள் வந்து போகிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நம் சிகாமட் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். கோவிலில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு ஏதாச்சும் சொன்னாரா ஆன்ட்டி?" என்று கேட்டாள். நான் சொன்னது வேறு, அவர்கள் கேட்டது வேறு. 'ஐயா' என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் நீங்கள் என்பதால், நடந்ததை உங்களுக்கே எழுதுகிறேன்.

எழுதும்போது பக்கத்தில் கணினியின் விசிறி சுழல்கிறது. அது சூடாகும்போது உங்கள் தலைவலித் தைலத்தின் வாசம் இன்னும் லேசாக வருகிறது. எந்த இடுக்கில் ஒளிந்திருக்கிறதோ, தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் நீங்கள் இதை வாங்கி வந்த வாரம் நினைவிருக்கிறதா? கணினியைத் தூங்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள். திரும்பி வந்தால் திரை கறுப்பாகவே இருந்தது.

"அலமாக்! எழும்ப மாட்டேங்குது லா. லைட்டு எரியுது, காத்தாடி சுத்துது, ஆளத்தான் காணோம்."

"பட்டனைப் போட்டுக் குத்திக்கிட்டே இருந்தா யாரு எழும்புவா?"

"காலைல நீ எழும்புற மாதிரியே இருக்கு. கண்ணு தொறந்திருக்கும், காப்பி உள்ள போற வரைக்கும் ஆள் இருக்காது."

"என்னை யாரும் பட்டனைக் குத்தி எழுப்பினதில்ல. மரியாதையாக் கூப்பிட்டுப் பாருங்க."

உடனே திரைக்கு முன்னால் கைகூப்பினீர்கள். "ஐயா, எழும்புங்க ஐயா. வீட்டம்மா கோவிச்சுக்குறாங்க." நான் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். திரைக்குப் போகும் கம்பி பாதி கழன்றிருந்தது. அழுத்தினேன், படம் வந்தது. அன்றிலிருந்து அது நம் வீட்டில் ஐயா ஆகிவிட்டது. காலையில் சமையலறையிலிருந்து, "ஐயா எழும்பிட்டாரா?" என்பேன். "எழும்பிட்டாரு, பசியா இருக்காராம்" என்பீர்கள். பசி யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை.

வாழ்நாள் முழுவதும் தொலைபேசிக் கம்பிகளைப் பழுது பார்த்தவர் நீங்கள். கணினியிலும் அதே பழக்கம்தான். "ஒரு தடவைக்கு ஒண்ணத்தான் மாத்தணும். ரெண்டை மாத்துனா எதனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிடும்." அதன் தூக்கத்துக்கும் பெயர் வைத்தீர்கள். ஸ்லீப் என்றால் கோழித் தூக்கம்: எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் மின்சாரத்தில் கண்ணயர்வது. ஹைபர்நேட் என்றால் அடித்துப் போட்ட தூக்கம்: எல்லாவற்றையும் வட்டில் எழுதி வைத்துவிட்டு, மின்சாரமே இல்லாமல் தூங்குவது. கான்வென்டில் படித்த நான், நல்ல ஆங்கிலச் சொல் இருக்கும்போது கோழியை ஏன் இழுக்கிறீர்கள் என்று கண்டித்தேன். "சரிங்க மதர்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் கோழி என்றே சொன்னீர்கள்.

நீங்கள் போன பிறகு ஐயாவைப் பின்னறையிலிருந்து முன் ஹாலுக்கு மாற்றினேன். ஜன்னலோரம், என் தையல் மெஷினின் மேசைமேல் வைத்தேன். அங்கே எனக்கு வெளிச்சம் போதும். ஆனால் அங்கே வந்ததிலிருந்து ஐயா தூங்க மறுத்தார். நான் தூங்க வைப்பேன். சற்று நேரத்தில் யாரும் தொடாமலே திரை வெளிச்சமாகிவிடும்.

ஒரு பிற்பகல் பக்கத்து வீட்டுச் சரோஜா கேசரி கொண்டு வந்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே திரை எரிந்தது. பழக்க தோஷம். "ஐயா எழும்பிட்டாரு" என்றேன்.

"யாரு ஆன்ட்டி?"

"ஐயாதான். தினமும் இப்படித்தான். நான் தூங்க வச்சாலும் கேக்குறதில்ல."

சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கேசரித் தட்டைக்கூடத் திரும்ப வாங்கவில்லை.

கதை காதுக்கு எட்டி, அந்த வார இறுதியில் நம் மகன் கெலாங் பாத்தாவிலிருந்து வந்துவிட்டான். நாம் ஐயாவோடு குடித்தனம் நடத்திய காலத்தில் அவன் வெளியூரில் இருந்தான். நம் காலைப் பேச்சு அவனுக்குத் தெரியாது.

"அம்மா, தனியா இருந்தது போதும். எங்ககூட வந்துடுங்க. வீட்ட வாடகைக்கு விட்டுடலாம்."

"ஐயான்னா கம்ப்யூட்டர்டா."

அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டான்: "கம்ப்யூட்டரை ஐயான்னு கூப்பிடுறீங்களா, அம்மா?"

ஆவிக் கதையே தேவலாம் என்று தோன்றியது.

"சும்மா ஷட் டவுன் பண்ணிடுங்க லா. பிரச்சன முடிஞ்சிடும்."

"பிரச்சன முடியாது. மூடி வைப்போம், அவ்வளவுதான். அடுத்த தடவை நீ வரும்போது காரணத்தைக் காட்டுறேன். காட்ட முடியலன்னா என் பெட்டிய நானே கட்டுறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அவன் கார் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து ஒவ்வோர் அறையாக நடந்தேன். இந்த வீட்டை விட்டு நான் எங்கே போவேன்? அங்கே என் சமையலறை யாருடையதோ, என் நாற்காலி எந்த மூலையிலோ.

ஒரு தடவைக்கு ஒன்று. முதலில், குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் ஏற்பாடுகளை நிறுத்தினேன். எழுந்தது. அதைப் பழையபடி வைத்துவிட்டு, இணையக் கம்பியைப் பிடுங்கினேன். அப்போதும் எழுந்தது. கம்பியைத் திரும்பச் செருகினேன். கடைசியாக உன்னை எழுப்பியது யார் என்று கணினியையே கேட்க ஒரு கட்டளை உண்டு. கறுப்புத் திரையில் எழுத்துப் பிசகாமல் அடித்தேன். யூஎஸ்பி பக்கமிருந்து ஏதோ எழுப்பியது என்று அரைகுறையாகப் பதில் வந்தது. பள்ளியில் இப்படிப் பதில் சொன்னால் எங்களை நிற்க வைப்பார்கள்.

தேநீரைக் கலந்து கொண்டுவந்து அதன் எதிரிலேயே உட்கார்ந்தேன். அப்போதுதான் உங்கள் கோழி என் தலைக்குள் வந்தது. கோழித் தூக்கம் தூங்குகிறவரை யாரும் தொட வேண்டியதில்லையே. உட்கார்ந்திருக்கும் கிளை ஆடினால் போதும். இங்கே எது ஆடுகிறது?

ரயில் வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் இருப்பதை இத்தனை வருடப் பழக்கத்தில் மறந்தே போயிருந்தேன். கோப்பைக்குள் கரண்டி கிணுகிணுவென்றது. தையல் மேசையின் ஒல்லிக் கால்கள் நடுங்கின. அதன்மேல் இருந்த மவுஸ் ஒரு மயிரிழை நகர்ந்தது. ஐயா எழும்பிவிட்டார். நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். சரோஜா அதையும் கேட்டிருப்பாள்.

மகன் வந்தான். சரோஜாவையும் கூப்பிட்டேன்; கதை எங்கே பிறந்ததோ அங்கேயே முடிய வேண்டும். முதலில் ஐயாவைத் தூங்க வைத்து, ரயிலுக்குக் காத்திருந்து, அவர் எழும்புவதைக் காட்டினேன். பிறகு கணினியின் உறுப்புகளெல்லாம் வரிசையாகத் தெரியும் பக்கத்தைத் திறந்து மவுஸைத் தேடினேன். கணினியை எழுப்ப அதற்குக் கொடுத்திருந்த அனுமதிக்கு எதிரே இருந்த குறியை எடுத்தேன். வேறெதையும் தொடவில்லை. அடுத்த ரயிலுக்கு மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். சரக்கு ரயில், வீடே அதிர்ந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"ஐயா அசையவே இல்லையே!" என்றான் மகன். அவன் வாயிலும் வந்துவிட்டது.

"அப்ப அங்கிள் வர்றதில்லையா?" என்றாள் சரோஜா. அவள் முகம் விழுந்துவிட்டது, பாவம்.

மகன் என் தோளைப் பிடித்து அழுத்தினான். "நீங்க இங்கேயே இருங்கம்மா. எங்க வீட்டு லேப்டாப் எழும்பவே மாட்டேங்குது. அடுத்த தடவை கொண்டாறேன், பாருங்க." கொண்டு வருவதற்கு முன் எதையும் மாற்றாதே என்று எச்சரித்து அனுப்பினேன். வாசலில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு.

ஒரு தடவைக்கு ஒன்று என்ற பழக்கம் இப்போது என் கையில் இருக்கிறது. சாம்பாரில் உப்புக் கூடினாலும் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. மவுஸின் அனுமதியை எடுத்த கையோடு, விசைப்பலகையின் அனுமதியையும் பார்த்தேன். அந்தக் குறி ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. தானாக அது போகாது. நம் வீட்டில் அதைத் தொட்டவர் நீங்கள் ஒருவர்தான். யோசித்துப் பார்த்தேன். தினமும் காலையில் நான் விசைப்பலகையைத் துணியால் அழுத்தித் துடைப்பேன். மவுஸைத் தொடமாட்டேன், அது உங்கள் பொருள். அந்தக் குறி இருந்த வரைக்கும், நான் துடைக்கும்போதெல்லாம் ஐயா விழித்துக்கொண்டிருந்திருப்பார். துடைக்காதே என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. பேப்பருக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

நான் துடைப்பதற்காகத்தான் அந்தக் குறியை எடுத்தீர்களா? ஆமாம் அல்லது இல்லை என்று, தெளிவான கையெழுத்தில், எனக்குப் பதில் எழுதுங்கள்.