ஃபியூஸ் கட்டைக்கு ஒரு பை

அன்புள்ள அம்மாவுக்கு,

அம்பத்தூரிலிருந்து ரோஷினி. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று கம்பெனியில் ஒரு சின்ன வாக்குவாதம். பழுது பார்க்கப் பம்பைப் பிரிக்கும்முன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி நாங்களே வைத்துக்கொள்வோம்; வேறு யாரும் மோட்டாரை ஓட்டிவிட முடியாது. என் கை பம்புக்குள் இருக்கும்போது சூப்பர்வைசர் ஜெகதீசன் வந்தார்.

"இன்னாம்மா, வேலையெல்லாம் நின்னுகினு கீது. கட்டையக் குடு, மாட்டி வெக்கிறேன்."

"என் கை வெளிய வரட்டும் சார். நானே மாட்டுறேன்."

"அப்போ நாளைக்கு வராத."

இன்றும் வேலைக்குப் போனேன். மனிதர் அடுத்த பம்பைக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

பெண்களுக்குத் தரும் யூனிஃபார்மில் பை இல்லை. கட்டையை இடுப்பில்தான் செருகுகிறேன். ஆழமான பையோடு ஒரு சட்டை தைத்து அனுப்பு. இங்கேயும் டெய்லர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் நீயே தை.

வீடு திரும்பக் கம்பெனி வண்டி வந்துவிட்டது. பொங்கலுக்குப் பத்து விரலோடுதான் வருவேன்.

உன் மகள்,
ரோஷினி