வாழைத்தண்டு

மட்டாஞ்சேரி
3.7.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

மழையில் முளைத்த காளான் மகா எழுதுவது. போனில் பேசினால் ரெண்டு பேரும் அழுகிறோம், ரீசார்ஜ்தான் வீண். அதனால் கடிதம். என் தமிழெழுத்து கொக்கு நடந்த மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

சின்னம்மா சொன்ன ஊசியைப் பற்றிப் பள்ளுருத்தி ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். உனக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று வந்ததே, அதைக் கொண்டுவரும் வைரஸுக்குத்தான் அந்த ஊசியாம். என் வயசில் போட்டால்தான் நல்லதாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

அப்பாவோ நீ கல்லடைப்புக்கு வைத்தியம் பார்க்க மதுரைக்குப் போயிருப்பதாக நம்புகிறார். ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்ப வாழைத்தண்டு வாங்கி வருகிறார். யாரும் போவதில்லை. நாங்களே தின்கிறோம். எங்களுக்குக் கல் இருந்திருந்தால் இந்நேரம் மணலாகியிருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடட்டுமா?

உன் தலைவலி,
மகா

மதுரை
11.7.2009

மகாக்கண்ணு,

ஆஸ்பத்திரியில் புற்றுக்குக் கரண்ட் வைத்துவிட்டு வந்து படுத்தால் எழுந்திருக்கவே தோன்றவில்லை. சின்னம்மாதான் சோறு ஊட்டுகிறாள்.

சொல்லாதே. அப்பாவுக்குத் தெரிந்தால் உன் அத்தைக்குத் தெரியும். கர்ப்பப்பையில் நோய் வந்தவள் மகளைத் தன் மகன் விக்கிக்கு எடுக்க மாட்டாள். கல்யாணமாகாத பெண்ணுக்கு இந்த ஊசி எதற்கென்று ஊரெல்லாம் கேட்பாள். நான் வந்ததும் நானே கூட்டிப்போய்ப் போட்டுவிடுகிறேன்.

தண்டை நாரெடுத்துச் சமை. அப்பாவுக்குத் தொண்டையில் சிக்கும்.

அம்மா

மட்டாஞ்சேரி
20.7.2009

அம்மா,

நீ எப்போது வருவாய் என்று சின்னம்மாவிடம் போனில் கேட்டேன். சாப்பிட்டாயா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அதனால் சொல்லிவிட்டேன். திட்டுவதை மொத்தமாகச் சேர்த்து வை.

அப்பா தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு அரிவாள்மணையை மடக்கி வைத்தார். ரொம்ப நேரம் நாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப இத்தனை நாளும் இதை அவ ஒருத்தியாவா சுமந்துகிட்டுக் கிடந்தா?" என்றார்.

அத்தை வந்து நீ எழுதியதை அப்படியே ஒப்பித்தாள். விக்கிக்கு வேறு இடம் பார்க்கிறாளாம். பாவம் அந்தப் பெண். அப்பா சாயாவை அத்தை பக்கம் நகர்த்தி வைத்து, "பாத்துக்கோ அக்கா. எம்மவளுக்கு நாளைக்கு ஊசி" என்றார்.

முதல் ஊசி போட்டாயிற்று. கை வலிக்கிறது, அதுதான் எழுத்து இன்னும் கோணல்.

நாளை ராத்திரி வண்டிக்கு அப்பா வருகிறார், இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். கார்ப்பரேஷன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டார். எனக்குத் துணைக்குப் பக்கத்து வீட்டு சரோஜம்மா படுப்பார். கல்லே இல்லையே, தண்டு எதற்கு என்றேன். வெறுங்கையோடு வர அவருக்குத் தெரியவில்லை, வாங்கிவிட்டார்.

நீ எழுந்திருக்காதே. அவரே சமைப்பார். நாரெடுக்கப் பழக்கிவிட்டேன்.

மகா